பஸ் நிற்கும் இடமும் காடு தொடங்கும் இடமும்

வழிநடை என்பது தமிழருக்குப் புதிய விநோதம் அன்று. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே; அவற்றுள்ளும் கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாம், நன்னனது ஊரை நாடிச் செல்லும் கூத்தருக்கு எவ்விடத்தில் கால் வழுக்கும், எவ்விடத்தில் புனங்காப்போர் வீசும் கவண்கல் வந்து விழும், எவ்வூரில் சோறு கிடைக்கும் என்பவற்றையெல்லாம் இன்றைய வழிகாட்டி நூல்களும் நாணும்படி விஸ்தாரமாக எடுத்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரை செல்லும் மூன்று வழிகளைக் கூறுமிடத்தில், ஒரு வழி சிறுமலையைச் சார்ந்தும், மற்றொரு வழி அழகர்மலையாகிய திருமால்குன்றத்தைச் சார்ந்தும் செல்வதாக அறிகிறோம். வழியைப் பற்றிய அறிவு அன்று இலக்கியத்திலேயே இடம்பெறும் அளவுக்கு மதிக்கப்பெற்றிருந்தது.

நிலைமை இப்பொழுது வேறு. ஆறு நாள் அலுவலகத்திலோ கடையிலோ உழைத்து, ஏழாம் நாளில் மட்டும் அவகாசம் பெறுகிற, சொந்த வாகனம் இல்லாத, தேகப் பயிற்சியும் அதிகம் இல்லாத ஒரு நகரவாசி, தன் மனைவி மக்களுடன் காலையில் டவுன் பஸ் ஏறிச் சென்று, வயலும் பாறையும் நீரும் கூடிய ஒரு பிரதேசத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து, பகலுக்குள்ளோ பொழுது சாய்வதற்குள்ளோ மீண்டும் பஸ்ஸிலேயே வீடு திரும்புவதற்கு நம் நாட்டில் இடம் உண்டா, உண்டாயின் எங்கெங்கு உண்டு, அதற்கு இடையூறாய் நிற்பவை யாவை என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த விஷயம். உதாரணங்களைப் பெரும்பாலும் மதுரையைச் சூழ்ந்த பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய எல்லா வகை நிலமும் அந்நகரைச் சுற்றி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குள் அமைந்து கிடப்பதே காரணம்.

எளிய நடை எது?

எளிமை என்பதைத் தூரத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. உயரத்தைக் கொண்டு அளப்பவரும் உண்டு. இரண்டும் முழு உண்மை ஆகா. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எனினும் ஏற்றம் இல்லாமையாலும், வழியெல்லாம் விளக்கும் நீரும் கடைகளும் துணையும் இருப்பதாலும், பௌர்ணமி இரவில் முதியோரும் வெறுங்காலோடு அதனைச் சுற்றி முடிக்கின்றனர். அதற்கு மாறாக, அரை கிலோமீட்டர் கூட இல்லாத மொட்டைப் பாறைச் சரிவு ஒன்று, நடுப்பகலில் சூடேறிய பின்போ, மழையில் நனைந்து பாசி பிடித்த பின்போ, வாலிபர்களையும் தடுமாறச் செய்துவிடும்.

ஆகையால் எளிய நடைக்கு நான்கு இலக்கணங்கள் கூறலாம்: வழி கேளாமலே தெரிய வேண்டும், அல்லது கேட்டால் சொல்ல ஆள் இருக்க வேண்டும், கையூன்றி ஏற வேண்டிய இடம் வழியில் இருத்தல் ஆகாது, களைத்தவர் எவ்விடத்திலும் திரும்பிவிடக் கூடியதாய் இருக்க வேண்டும், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மனிதர் வாழும் ஊர் இருக்க வேண்டும். இந்த நான்காவது இலக்கணமே பஸ்ஸையும் நடையையும் ஒன்றாய்ப் பிணைக்கிறது. ஊர் உள்ள இடத்துக்குத்தான் பஸ் வரும்.

பஸ்ஸின் இயல்பு

பஸ்ஸை, வாகனம் இல்லாதவனுக்குக் கிடைத்த இரண்டாந்தர சௌகரியம் என்று கருதுவோர் அதன் விசேஷத்தை உணராதவர். காரில் சென்றவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அவனுடைய நடை, சென்ற வழியே மீள்வதாகவோ வட்டமாகவோதான் அமையும். பஸ்ஸில் சென்றவனோ ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறலாம். மலையின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிப்படலாம். ஏற்றம் முழுவதையும் பஸ்ஸுக்கு விட்டுவிட்டு இறக்கத்தை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பஸ் நடையின் உருவத்தையே மாற்றித் தருகிறது.

கிராமத்துப் பஸ்ஸின் நேரங்கள் நடப்பவனை உத்தேசித்து வகுக்கப்பட்டவை அல்ல. பால், காய்கறி, பள்ளிக்கூடம், சந்தை, கூலி வேலை ஆகியவையே அவற்றை நிர்ணயிக்கின்றன. காலையில் ஊரிலிருந்து நகரத்துக்கு வரும் வண்டி நிறைந்து வரும், திரும்பிப் போகையில் காலியாய்ப் போகும். மாலையில் இது தலைகீழாகும். நடப்பவனோ காலையில் வெளியே சென்று மாலையில் உள்ளே வருகிறவன் ஆகையால், கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையிலேயே பிரயாணம் செய்து, இரு வேளையும் உட்கார இடம் பெறுகிறான். அவன் அஞ்ச வேண்டியது நடுப்பகல் இடைவெளியை. காலைப் பள்ளி நேரத்துக்கும் மாலைப் பள்ளி நேரத்துக்கும் இடையே சில ஊர்களுக்கு வண்டியே இராது. இரவில் கிராமத்திலேயே தங்கி விடியலில் புறப்படும் வண்டியை நம்பி மாலை வரை தாமதிப்பவன் அங்கேயே தங்க நேரும். இறங்கும்போதே, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமும், அவர் சொன்னது சரிதானா என்று டீக்கடையிலும் கேட்டுக்கொள்வது, தண்ணீர் எடுத்துச் செல்வதற்கு ஒப்பான முக்கியமுடையது.

1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியதும், 1997-இல் மினி பஸ் திட்டம் வந்ததும், பஸ்ஸையே காணாதிருந்த பல சிற்றூர்களை நகரத்தோடு இணைத்தன. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று ஏற்பட்டதன் பலன், வேலைக்குச் செல்லும் பெண்களோடு நின்றுவிடவில்லை. குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே சென்றுவர ஆகும் செலவில் பெரும்பகுதி குறைந்துபோனமையின், நடை என்பது ஆண்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு என்று சொல்வதற்கு இருந்த காரணங்களில் ஒன்றும் நீங்கியது.

மதுரைக் குன்றுகள்

மதுரையைச் சுற்றியுள்ள பாறைக்குன்றுகளில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் சமணச் சிற்பங்களும் மிகுந்திருப்பதை யாவரும் அறிவர். அப்படுக்கைகளில் தங்கிய சமணத் துறவிகள் ஏன் இக்குன்றுகளைத் தேர்ந்தார்கள் என்பதற்கு அறிஞர் கூறும் காரணங்களில் இரண்டு நம் விஷயத்துக்கு நேரே உதவுகின்றன. பண்டைப் பெருவழிகள் இக்குன்றுகளின் அருகே சென்றன. வணிகர் அவ்வழிகளில் சென்று படுக்கைகளைச் செய்வித்தனர். அன்றியும், பிச்சை ஏற்று உண்ணும் துறவி ஊருக்குள் வாழ்தலும் தகாது, ஊரை விட்டு நெடுந்தூரம் விலகுதலும் இயலாது. காலையில் ஊருக்குச் சென்று உணவு பெற்று வெயிலேறுமுன் குகைக்கு மீளத்தக்க தூரமே அவனுக்கு ஏற்ற தூரம். இன்றைய நெடுஞ்சாலைகளும் பெரும்பாலும் பழைய பெருவழிகளின் போக்கையே ஒட்டிச் செல்வதால், பஸ் நிற்கும் இடத்துக்கும் குகைக்கும் உள்ள தூரம் இன்றும் ஏறக்குறைய அந்தத் துறவியின் தூரமாகவே இருக்கிறது. நகரவாசிக்கு வேண்டிய எளிய நடையின் அளவை, தம் வயிற்றின் தேவையையும் மனத்தின் தேவையையும் சீர்தூக்கி அவர்களே வகுத்துச் சென்றுவிட்டனர் என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் சொல்லத்தக்கது கீழக்குயில்குடிச் சமணர்மலை. மதுரைப் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் சென்று இறங்கினால், மலையடியில் ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆல நிழலும் எதிர்ப்படும். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளின் வழியே சிறிது ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாய் அமைந்திருக்க, அவற்றின் கீழே செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்னும் ஏற விரும்புவோர் மேலே சென்று இடிந்த கோயிலின் அடித்தளத்தைக் காணலாம். விரும்பாதோர் இறங்கி, மலையடியைச் சுற்றி மறுபுறம் உள்ள செட்டிப்பொடவுக்குச் சென்று, வீற்றிருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவத்தைக் காணலாம். ஏறுபவர், ஏறாதவர் ஆகிய இரு சாராருக்கும் இடமளிக்கும் குன்று ஆகையால், பழக்கமில்லாதவர் இங்கே தொடங்குவது உத்தமம்.

அடுத்தது மேலூர் சாலையில் ஒத்தக்கடையை அடுத்த ஆனைமலை. படுத்திருக்கும் யானையின் உருவம் கொண்ட இம்மலையின் மத்தகத்தில் ஏறுவது எளிய நடை ஆகாது. அதன் அடிவாரத்தை ஒட்டிச் செல்வதே நமக்கு உரியது. ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் சென்றால், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாறன்காரி கி.பி. 770-இல் குடைவித்து, அவன் மறைந்தபின் அவன் தம்பி மாறன் எயினன் முற்றுவித்த நரசிங்கப்பெருமாள் குடைவரையும், சற்று அப்பால் லாடன் கோயில் என்னும் முருகன் குடைவரையும், பாறையின் மேல் சமணச் சிற்பங்களும் காணக் கிடைக்கும். சரித்திரம் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு சிறு நடையில் கைகூடும் இடங்கள் அரியவை.

இதற்கும் அப்பால் மேலூரைச் சேர்ந்த அரிட்டாபட்டி இருக்கிறது. ஒரே ஊரில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும், இலகுலீசர் உருவத்தோடு கூடிய பாண்டியர் காலச் சிவன் குடைவரையும், சுனைகளும், கண்மாய்களும், பாறை முகடுகளில் கூடு கட்டும் இராஜாளிப் பறவைகளும் சேர்ந்திருத்தலின், இவ்வூரும் அடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அம்மீனாட்சிபுரத்தின் பக்கத்து மாங்குளம் மலையில்தான், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டார். ஆயினும் அம்மலை ஏற்றம் மிகுந்தது, பழகியவர்க்கே ஏற்றது.

அழகர்கோயில் மற்றொரு வகைக்கு உதாரணம். நகரிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். பஸ்கள் நாள் முழுதும் உண்டு. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை நாலு கிலோமீட்டர் மலைச்சாலை. அதற்கும் மேலே நூபுர கங்கை. வாகனத்தில் மேலே சென்று, தீர்த்தமாடி, நிழல் சூழ்ந்த அச்சாலையில் கால்நடையாக இறங்கி வருவது, முழங்கால் வலியில்லாத யாவர்க்கும் இயலும். கையிலுள்ள பண்டங்களைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்வது ஒன்றே அங்கே சிரமம்.

சமதள நடைகள்

மலையென்றால்தான் நடை என்று எண்ணுவது பெரும் பிழை. பாண்டிநாட்டின் கண்மாய்க் கரைகள், ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலுமாக, பனை நிழல் ஆங்காங்கு விழ, மேடு பள்ளமின்றி நீளுவன. மடையும் கலிங்கும் மறுகாலும் எவ்வாறு அமைந்து ஒரு கண்மாயின் மிகுநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது என்பதைக் காலால் நடந்து அறிகிற குழந்தை, பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்த குழந்தையைவிட நீர்ப்பாசனத்தை நன்றாய் அறியும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், வைகை வழியே வந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து வாடிப்பட்டி, மேலூர் வட்டாரங்களுக்குப் பாய்கிறது. அக்கால்வாய்க் கரைகளும் இவ்வகை நடைக்கு உகந்தவை.

ஆற்றங்கரை நடைக்குச் சோழவந்தான் சிறந்த இடம். அங்கே இறங்கி, வெற்றிலைக் கொடிக்கால்களையும் தென்னந்தோப்புகளையும் நெல்வயல்களையும் பார்த்துக்கொண்டு, சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்துச் சென்று ஒதுங்கியதாகப் புராணம் கூறும் திருவேடகத்தை அடைந்து, அங்கே மதுரைப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஓரூரில் இறங்கி மற்றோர் ஊரில் ஏறுதல் என்னும் பஸ்ஸின் தனிச்சலுகையை அனுபவிக்க இதனினும் எளிய பாடம் இல்லை.

பிற இடங்கள்

மதுரைக்கு வெளியேயும் இதே இலக்கணத்தில் அடங்கும் இடங்கள் பல. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் பஸ்ஸில் சென்று காணத்தக்க சித்தன்னவாசலில், குன்றின் மேலே ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும், கீழே ஓவியம் தீட்டிய அறிவர் கோயிலுமாக, ஒரு காலை நேரத்துக்குரிய நடை பூரணமாய் அமைந்திருக்கிறது. திண்டிவனம்–திருவண்ணாமலை பஸ்கள் நிற்கும் செஞ்சியில், கோட்டைக்குள் உள்ள சமதளப் பகுதியும் கிருஷ்ணகிரியும் சாமானியர்க்கு ஏற்றவை, இராஜகிரி அவ்வாறன்று. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கும் பஸ்ஸே மலையேற்றிவிடுகிறது. மேலே போய்ச் சேர்ந்தபின் காப்பித் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையிலுள்ள ஊர்ச்சாலைகளில் உலவுவது சிரமமன்று. கொடைக்கானலில் 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் நடைபாதை ஒரு கிலோமீட்டர்தான். அது உலாவும் இடம், நடை ஆகாது. அதே மலையில் வெள்ளகவி வழியே கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையோ, இறக்கம்தானே என்று எண்ணிச் செல்பவரின் முழங்கால்களை நெடுநாள் வருத்தும். கொல்லிமலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகளையும் பஸ்ஸே ஏறிக் கடந்துவிட்டாலும், ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, இறங்கிய அத்தனையும் ஏறியாக வேண்டும் என்பதை முன்பே நினைவிற் கொள்ள வேண்டும்.

வழியுரிமையும் வனச் சட்டமும்

இங்கிலாந்தில் 1932-இல் கிண்டர் ஸ்கௌட் மலையில் தடையை மீறித் தொழிலாளர் திரண்டு நடந்ததும், 1949-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றிப் பொதுநடைபாதைகளைப் படத்தில் குறிக்கச் செய்ததும் பலர் எடுத்துக்காட்டும் செய்திகள். நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஆனால் வழியே இல்லை என்று முடிவு செய்வது தவறு. ஒவ்வொரு கிராம வரைபடத்திலும் வண்டிப்பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளும் குறிக்கப்பட்டுள்ளன. பாதைப் புறம்போக்கு, மந்தை, நீர்நிலைப் புறம்போக்கு என்று பொது நிலங்கள் வருவாய்த்துறைக் கணக்கில் உள்ளன. இவற்றுக்கு நடப்பவரால் வரும் ஆபத்து இல்லை. நடப்பவர் இல்லாமையால்தான் ஆபத்து. கால் படாத பாதையை முள்வேலி விழுங்கிவிடும்.

காப்புக்காடு வேறு விஷயம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி அனுமதியின்றி அதனுள் புகுவது குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்துக்குப் பின், இவ்விதியை வெறும் அதிகார ஆடம்பரம் என்று எவரும் சொல்ல இயலாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம், 14 மாவட்டங்களில் 40 வழிகளை எளியது, நடுத்தரம், கடினம் என்று வகுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் முன்பதிவும் கட்டணமும் வேண்டும் நடையும், நினைத்த காலையில் புறப்படும் நடையும் ஒரே தேவையை நிறைவேற்றுவன அல்ல. நாம் பேசும் நடை பஸ் நிற்கும் இடத்தில் தொடங்கி, காடு தொடங்கும் இடத்தில் முடிகிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் சிறியதென்று தோன்றலாம். மேலே கூறிய மதுரை நடைகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேதான் அடங்கியுள்ளன.

பருவமும் ஜாக்கிரதையும்

நம் நாட்டில் நடைக்குப் பகை தூரமன்று, வெயில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்கள் நிறைந்து நிற்கும் கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரையுள்ள காலமே உத்தமம். பங்குனி பிறந்தபின் காலை ஒன்பது மணிக்குள் முடியாத நடையைத் தொடங்கலாகாது. அக்கினி நட்சத்திரத்தில் பாறைக்குன்றை நினைக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். பாறை இடுக்குகளில் கைவிடுதல் பாம்புக்கு அழைப்பு; மலைத்தேனீக் கூடுகளின் அடியில் புகை எழுப்புதலும் கூச்சலிடுதலும் உயிருக்கே ஆபத்து. செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் ஊரார் சொல்லுமுன் கழற்றுவதும், சுனைநீரில் கை கால் அலம்பாதிருப்பதும் மரியாதை. பழைய சிற்பத்தின் மேல் பெயர் எழுதுவோனுக்கு எந்த அறிவுரையும் பயன்படாது. அவனுக்குத் தொல்லியல் சட்டத்தின் தண்டனையே பொருத்தம்.

செய்யத்தக்கவை

இவ்வகை நடையை விளையாட்டுக் காரியம் என்று ஒதுக்குவோருக்கு ஒரு விடை உண்டு. மேலூர் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டு உருவழிந்தன. அவற்றின் பெயரை நகரத்தில் அறிந்தோர் சிலரே. ஆனைமலைக்கு அத்தகைய அச்சம் நேர்ந்தபோது ஊரார் எழுந்து தடுத்தனர். அதை ஒட்டி 2010-இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மதுரை மக்களைக் கூட்டங்கூட்டமாக இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்று அவற்றின் சரித்திரத்தை அங்கேயே எடுத்துரைத்தது. பின்னர் 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்ததும், ஊர் மக்களின் போராட்டத்துக்கு நாடெங்கும் ஆதரவு திரண்டு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாயிற்று. போராடி வென்றவர்கள் அவ்வூராரே, சந்தேகமில்லை. ஆனால் அரிட்டாபட்டி என்றால் என்ன என்று வெளியூரார் கேட்க நேராதபடி, முன்பே அங்கு சென்று நடந்து வந்தோர் பலர் இருந்ததும் ஒரு பலமாயிற்று.

இதற்குமேல் வேண்டுபவை பெரிய செலவுக்குரியன அல்ல. ஒவ்வொரு ஊர் பஸ் நிறுத்தத்திலும் வண்டி நேரங்களையும், சிறப்பாகக் கடைசி வண்டியின் நேரத்தையும், பெயிண்டால் எழுதிவைத்தால் போதும். குன்றுக்கும் கண்மாய்க்கும் பிரியும் பாதையில் தூரம் குறித்த ஒரு கல் நட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் ஒரு நடை பஸ் கூடுதலாய் விட்டால் மிகவும் நன்று. குன்றின் அடிவரை தார்ச்சாலை போடுவதும், கார் நிறுத்த இடம் வகுப்பதும், கம்பி வேலியும் உணவு விடுதியும் அமைப்பதும் வேண்டாதவை. அவற்றால் வருவோர் தொகை பெருகும், நடப்போர் தொகை குறையும். துறவிகள் வகுத்த அந்தத் தூரத்தைச் சுருக்காமல் அப்படியே விட்டுவைப்பதே அரசும் ஊராட்சியும் நடப்பவர்க்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம்.